பதினோராவது ஊசி

சென்னியப்பன் தொண்டையில்
ஒரு மிடறு தண்ணீர்
வழி கேட்டு நிற்கும்.
மூச்சுக்குழல் பக்கம் திரும்பினால் இருமல்,
அங்கேயே தங்கினால் நெஞ்சுச்சளி,
முற்றினால் ஆஸ்பத்திரி.
போன ஐப்பசியில் பதினாறு நாள் அப்படித்தான் போனது.

எட்டு நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் விடும் திருப்பூர்.
நடுராத்திரி எழுந்து டிரம்மில் பிடிப்பேன்.
பிடித்ததை அவருக்கு மட்டும்
பொடி கலந்து கூழ் பதத்துக்குக் கெட்டியாக்க வேண்டும்.
"தண்ணியத் திங்கறனுங்க" என்பார்
வருகிற ஒறம்பரையிடம்.
சிரிப்பு முகத்துக்கு வந்து சேர நேரமாகும்.
அதற்குள் அவர்கள் வேறெங்கோ பார்த்திருப்பார்கள்.

கோயமுத்தூர் நரம்பு டாக்டர் மாத்திரை நேரத்தை மாற்றினார்,
மருந்து ஏறிய பிறகே சோறு.
விழுங்கப் பழக்கும் பெண்
தாடையை நெஞ்சோடு ஒட்டச் சொன்னாள்.
ஊசி வைத்தியம் கேட்டபோது டாக்டர்
பேனா மூடியைத் திருகினார்.
"சிலருக்குக் கேக்குதுன்னு படிச்சிருக்கேன்.
உறுதியாச் சொல்லமாட்டேன்.
இதை விட்டுட்டு அங்க போகாதீங்க,
இதோட சேத்துப் போங்க."

அனுப்பர்பாளையத்தில்
பித்தளை தட்டும் பட்டறைக்கு மேல்மாடி.
பைரோஜா அவரை நாற்காலியில் உட்கார்த்தி
தொண்டையில் மூன்று, பிடரியில் நான்கு,
கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று.

ஊசி அவருக்குப் புதிதா?
இருபத்தியாறு வருஷம் பனியன் கம்பெனியில் ஊசி ஸ்டோர்.
ஓவர்லாக்கில் ஊசி ஒடிந்தால்
துண்டு அத்தனையும் பொறுக்கி வர வேண்டும்.
நோட்டில் டேப் போட்டு ஒட்டி,
முனையோடு முனை சேர்கிறதா பார்த்து,
கையெழுத்து வாங்கி,
அப்புறந்தான் புதுசு கொடுப்பார்.
ஒரு துணுக்கு குறைந்தாலும் லைன் நிற்கும்.
நானும் அந்த ஜன்னலில் திட்டு வாங்கியவள்தான்.
அப்படித்தான் பழக்கமே.

முதல் நாளே பைரோஜாவிடம் கேட்டார்,
வாயருகே காதை வைத்தால்தான் கேட்கும் குரலில்,
"என்ன சைசுங்க?"
"கால் மில்லிங்கய்யா."
"துணிக்கு ஆகாது."

வாரம் ரெண்டு தடவை போனோம்.
காலண்டர் தாளின் முதுகில் இருமலை எண்ணி எழுதினேன்:
பதினாலு, பன்னிரண்டு, பதினேழு,
ஒன்பது, திரும்பவும் பதிமூன்று.
அரிசிம்பருப்புச் சோறு குழைய வடித்த நாளில் ஐந்து.
கணக்கு சாய்வது போலவும் இருந்தது,
சாயாதது போலவும்.

எட்டாம் தடவை ஊசிகளை எடுத்து முடித்து
பஞ்சைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.
"பத்துதான்."
கீழே பித்தளைச் சத்தத்தைத் தாண்டி வந்தது,
ஸ்டோர் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து வருமே, அந்தக் குரல்.
"பதினொண்ணு வெச்சீங்க. பத்துதான் எடுத்தீங்க.
ஒண்ணு வராம நான் எந்திரிக்க மாட்டனுங்க."
தட்டில் எண்ணினாள். பத்து.
துண்டை உதறினாள்,
நாற்காலிக்கடியில் டார்ச் அடித்தாள்,
என் சேலை மடிப்பைக்கூட விடவில்லை.
பிடரி மயிருக்குள்
நரையோடு நரையாக நின்றிருந்தது.
"மன்னிச்சுக்கங்கய்யா."
"நோட்டுல எழுதுங்க" என்றார்.
முகம் அசையவில்லை.
கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது,
தனக்கென்று ஏதோ வேலை இருப்பதுபோல.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது,
அத்தனை பேசியும் ஒருதரம் எச்சில் வழியவில்லை.
ஊசியா, மாத்திரையா,
கோபமா,
யாரைப் போய்க் கேட்க.

அன்று ராத்திரி ரெண்டரைக்குத் தண்ணீர் விட்டான்.
டிரம்முக்குள் ஓசைப் போட்டுவிட்டு வந்தால்
விழித்துக் கிடக்கிறார்.
"பொடி போடாம ஒரு கரண்டி."
வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.
நிமிர்த்தி உட்கார வைத்தேன்,
தேக்கரண்டியில் பாதி.
தாடையை நெஞ்சோடு ஒட்டினார்.
தொண்டைக்குமிழ் ஏறியது,
நின்றது,
இறங்கியது.

இருமலுக்காகக் காத்திருந்தேன்.
வாசலில் டிரம் நிரம்பித்
தெருவுக்கு வழிகிற சத்தம்.
பக்கத்து வீட்டுப் பழனாத்தா
என் பேர் சொல்லிக் கத்துகிறாள்.
கத்தட்டும்.
இன்னும் சித்தெ நேரம் பார்க்கிறேன்.